படுக்கையைத் தூக்கிய நால்வர்

(வானொலி மறையுரை – உலக போதைப்பொருள் ஒழிப்பு நாளையொட்டி)

 

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் பலமுறை கேட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கப்பர்நாகும் ஊரில் ஒரு வீட்டில் இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் கூட்டம், வாசலிலும் கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. நாமாக இருந்தால், 'இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்' என்று திரும்பியிருப்போம். அவர்கள் திரும்பவில்லை. மேலே ஏறினார்கள். கூரையைப் பிரித்தார்கள். படுக்கையை இயேசுவின் முன்னால் இறக்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிப்போம். படுத்திருப்பவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன்னைக் குணமாக்கும்படி அவர் கேட்டதாக மாற்கு எழுதவில்லை. அவரைத் தூக்கி வந்தவர்களிடம் இருந்த நம்பிக்கையை இயேசு கண்டார் என்றே எழுதுகிறார். தானாக எழுந்து வர முடியாத ஒருவருக்காக மற்றவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே அவரை ஆண்டவரிடம் கொண்டு சேர்த்தது.

தானாக எழுந்து வர முடியாத நோயாளர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாராரைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப்போகிறோம். போதைப்பொருள் தீமைக்கு எதிரான நாளாக ஜூன் 26-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 1987-இல் அறிவித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு அதே நாளில், வத்திக்கானில் நடந்த பொதுச் சந்திப்பில் இதைப் பற்றியே மறைக்கல்வி உரை வழங்கினார். போதையை விற்றுப் பிழைப்பவர்களை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். அதற்கு அடிமையானவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் வேறாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கைக் கதை உண்டு, அதைக் கேட்கவும் புரிந்துகொள்ளவும் அன்பு செய்யவும் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது என்று அவர் நினைவூட்டினார்.

மதுவைப் பற்றியும் கஞ்சாவைப் பற்றியும் நம் ஆலயங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். மாத்திரைகளைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அபினிலிருந்து வந்த மருந்துகளும், அதைப் போலவே செயல்படும்படி தொழிற்சாலையில் செய்யப்படும் மருந்துகளும் உண்டு. மருத்துவர்கள் இவற்றை ஓபியாய்டு என்பார்கள். மார்ஃபின், டிரமடால், டாபென்டாடோல் எல்லாம் இந்த வகை. தெருவில் விற்கும் ஹெராயினும் இதே குடும்பம்தான்.

இந்த மருந்துகளை நாம் பழிக்க வேண்டியதில்லை. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலியால் துடிப்பவருக்கு மார்ஃபின் ஒரு பெரிய இரக்கம். அது நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக 2014-இல் நம் நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டது. ஆகவே, நம் வீட்டில் ஒரு பெரியவருக்கு மருத்துவர் இதை எழுதிக்கொடுத்தால் அஞ்ச வேண்டாம். அவர் சொன்ன அளவில் கொடுப்போம். வலியே இல்லாத ஒரு பையன், மருத்துவரும் சீட்டும் இல்லாமல், இதே மாத்திரையைப் போதைக்காகத் தேடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

சென்னையிலும் வேறு சில மாவட்டங்களிலும் வலி மாத்திரைகளை மொத்தமாகக் கடத்தியவர்கள் கைதான செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அவற்றை ஊசி வழியாக உடம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் இறந்துபோன செய்திகளையும் படித்திருக்கிறோம். வெளிமாநிலங்களிலிருந்து கூரியரில் வந்தது என்கிறார்கள், இணையத்தில் வாங்கியது என்கிறார்கள். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் பலர் டாபென்டாடோல் பக்கம் திரும்பினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட டாபென்டாடோல் கலப்பு மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தெருக்களில் இளைஞர்களைச் சீரழிப்பது வெளிச்சத்துக்கு வந்து, 2025 பிப்ரவரியில் அவற்றின் ஏற்றுமதியை நடுவண் அரசு தடை செய்தது. ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு திறந்துகொள்கிறது.

நாடு முழுவதும் நிலைமை என்ன? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வல்லுநர்கள் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது சொன்னது. சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபது பேருக்கு ஒருவர்தான் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார் என்றும் அது சொன்னது. மற்றப் பத்தொன்பது பேர் எங்கே இருக்கிறார்கள்? வீட்டில் இருக்கிறார்கள். மொட்டைமாடியில், தோப்பில், பூட்டிய கழிவறையில் இருக்கிறார்கள். நாம் பார்க்காத இடத்தில் இருக்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்த மருந்து எப்படிக் கொல்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'மூச்சு விடு' என்று மூளை நம் உடலுக்கு இடைவிடாமல் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறது. தூங்கும்போதும் கொடுக்கிறது. ஓபியாய்டு அளவு மீறும்போது அந்தக் கட்டளை மங்கிப்போகிறது. ஆள் தூங்குவதுபோலவே இருப்பார். மூச்சு மெல்ல மெல்லக் குறையும். தொண்டையில் குறட்டைபோல, கொரகொரவென்று ஒரு சத்தம் வரும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். கூடவே மது குடித்திருந்தாலோ, தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ இன்னும் விரைவில் நடக்கும். சில மாதம் பழக்கத்தை விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்துக்கொண்டால், அவர் உடம்பு அதைத் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் சில வாரங்கள் அதனால்தான் மிகவும் ஆபத்தானவை.

இந்தச் சாவில் பெரும்பாலும் கூச்சல் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து, என்ன நடக்கிறது என்று தெரிந்து, பயப்படாமல் கூப்பிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நலோக்சோன் என்ற ஊசிமருந்து நின்றுகொண்டிருக்கும் மூச்சைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் தனியாக இருப்பவர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. மயங்கியவர் தொலைபேசியை எடுத்து அழைக்க முடியாது. ஆகவே, ஒருவரைத் தனிமைக்குத் தள்ளுவது எதுவோ அதுவும் அவரைக் கொல்கிறது. அவமானம் தள்ளுகிறது. போலீஸ் பயம் தள்ளுகிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம் தள்ளுகிறது. இந்தப் பயங்களை எடுத்துப்போடுவது மருத்துவரால் மட்டும் ஆகாது. அதற்கு ஊர் வேண்டும்.

2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. அது வேறு நஞ்சு. ஆனாலும் அது கற்றுத்தந்த பாடம் ஒன்றே. இப்படிப்பட்ட நேரத்தில் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரை விலையாகக் கேட்கிறது.

ஊர் கூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் இருக்கும் ஒரு நகரத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்று ஒரு நகரம். ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்கள். 2011 கணக்கெடுப்பில் நம் பெரம்பலூர் நகராட்சியின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுவதைப்போல அந்த மாநிலத்தில் நிலக்கரி வெட்டுகிறார்கள்; உடல் வலியும் அதிகம், வலி மாத்திரையும் அதிகம். ஒரு லட்சம் பேர்கூட இல்லாத அந்த வட்டாரத்துக்கு எட்டு ஆண்டுகளில் 8 கோடிக்கும் அதிகமான வலி மாத்திரைகள் அனுப்பப்பட்டதாக நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. மாத்திரை கிடைக்காதபோது அடிமையானவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள்.

2016 ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர நாள். நம் திருச்சபைக்கு அன்னை மரியாவின் விண்ணேற்பு விழா. அன்று பிற்பகல் நான்கைந்து மணி நேரத்துக்குள் அந்தச் சிறு நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அளவுமீறிய போதையால் அங்கங்கே விழுந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நலோக்சோனோடு ஓடினார்கள். பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் பிறகு ஆய்வு செய்தபோது ஓர் உண்மை சுட்டது. மருத்துவமனையில் கண் விழித்தவர்களில் ஒருவரைக்கூட, போதையிலிருந்து மீள்வதற்கான சிகிச்சைக்கு யாரும் அனுப்பவில்லை. உயிரைக் காப்பாற்றி, அதே தெருவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊர் இதை எண்ணிப் பார்த்தது. 2017 டிசம்பரில் ஒரு குழுவை அமைத்தார்கள். ஓர் ஆம்புலன்ஸ் ஊழியர், ஒரு காவலர், ஒரு சிகிச்சை ஆலோசகர், ஒரு மறைப்பணியாளர். அதே நால்வர்தான், பார்த்தீர்களா! ஒருவர் அளவுமீறிய போதையில் விழுந்து பிழைத்தார் என்று தெரிந்தால், மூன்று நாளுக்குள் இந்த நால்வரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கைது செய்ய வரவில்லை என்று முதலில் சொல்லிவிடுவார்கள். 'எப்படி இருக்கிறீர்கள்? சிகிச்சைக்கு வருகிறீர்களா? இப்போது வர மனமில்லையா? பரவாயில்லை, மறுபடி வருகிறோம்.' இவ்வளவுதான். அதற்கு அடுத்த ஆண்டே அவ்வூரில் இத்தகைய அவசர அழைப்புகள் கணிசமாகக் குறைந்தன.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. மியான்மர் எல்லையில் இருக்கும் மணிப்பூருக்குள் 1980-களில் ஹெராயின் புகுந்தது. தொடக்கத்தில் அவர்களும் தண்டித்தே திருத்தப் பார்த்தார்கள். பிள்ளைகளை அடைத்தார்கள், ஒதுக்கினார்கள். பிள்ளைகள் இன்னும் ஆழமாக ஒளிந்தார்கள். ஒளிந்த இடத்தில் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். எச்.ஐ.வி. காட்டுத்தீபோலப் பரவியது. பிறகு வழி மாறியது. 1990-களின் தொடக்கத்தில், போதையிலிருந்து மீண்ட சில இளைஞர்களே இம்பாலில் 'சாசோ' என்ற சேவை அமைப்பைத் தொடங்கினார்கள். 1996-இல் மாநில அரசே, இவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்காத ஒரு கொள்கையை வகுத்தது. 2004-இலிருந்து இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம் என்ற கிறிஸ்தவ அமைப்பும் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இந்தப் பணியில் இறங்கியது. அங்கே ஓர் இளைஞன் மூச்சில்லாமல் கிடக்கிறான் என்றால், நலோக்சோனை எடுத்துக்கொண்டு ஓடுவது ஒருகாலத்தில் தானும் அப்படிக் கிடந்தவர்.

இது நற்செய்தியிலேயே இருக்கிறது. குணமான அந்த மனிதரிடம் இயேசு என்ன சொன்னார்? படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். இத்தனை நாள் அவரைத் தாங்கிய படுக்கையை இப்போது அவர் தாங்குகிறார். தூக்கப்பட்டவர் தூக்குகிறவராக மாறுகிறார்.

இன்னும் அருகில் வருவோம். நம் காவிரிப் படுகையில், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி.கே. சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். ஊர்ப்புறத்து ஏழை சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெறுவது நடக்கிற காரியமா? அதனால் 1980-களின் இறுதியில் அந்த மையமே மஞ்சக்குடிக்குப் போய் முகாம் நடத்தத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், உணவுக்கு வழி செய்தார்கள், யாருக்குச் சிகிச்சை தேவை என்று தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். மருத்துவர்களும் ஆலோசகர்களும் தங்கிச் சிகிச்சை கொடுத்தார்கள். மனைவிமாருக்கும் தனியாக ஆலோசனை நடந்தது. முகாம் முடிந்து வீடு திரும்பியவரை ஊரே அறிந்திருந்தது. தேநீர்க்கடையில் அவரை 'வாப்பா, ஒரு ரவுண்டு போடலாம்' என்று அழைக்கிறவர்களும் குறைந்தார்கள். மதுவுக்காகச் செய்யப்பட்ட இதை மாத்திரைக்காகவும் செய்ய முடியாதா?

சரி, பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருக்கிற நாம் என்ன செய்யலாம்? 'நம் ஊரில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று சொல்லத் தோன்றும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் நடுவே ஓடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சிமெண்ட் ஆலைக்கு இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. அப்பா வெளிநாட்டில், அம்மா வயலில், பிள்ளை அறையில் என்று பிரிந்து கிடக்கும் வீடுகள் எத்தனையோ. நோய் வந்து வாசலில் நின்ற பிறகு கூடுவதைவிட இப்போதே கூடிக்கொள்வது அறிவுடைமை. படுக்கைக்கு நான்கு முனைகள் உண்டு. ஒரு முனையை விட்டாலும் படுத்திருப்பவர் சரிந்துவிடுவார்.

முதல் முனை வீடு. வீட்டில் மீதமிருக்கும் வலி மாத்திரைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்போம். அறையில் சிரிஞ்சு கிடந்தால், கையில் ஊசித் தழும்பு தெரிந்தால், பணம் காணாமல் போனால், அடிக்காமல் முதலில் உட்கார்ந்து பேசுவோம். 'எப்போது வேண்டுமானாலும், எந்த நிலையில் இருந்தாலும், எனக்குப் போன் பண்ணு. திட்ட மாட்டேன், வருகிறேன்' என்று ஒரு தாய் சொல்லி வைத்திருப்பது ஒருநாள் உயிரைக் காக்கலாம்.

யாராவது மயங்கிக் கிடந்தால் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுவோம். நெஞ்செலும்பில் விரல்முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்போம். எழவில்லையா? உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்போம். மூச்சு நின்றிருந்தால் 108-இல் பேசுகிறவர் சொல்லித்தருகிறபடி செய்வோம். தண்ணீரோ பாலோ புளிக்கரைசலோ வாயில் ஊற்ற வேண்டாம். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 'போதை தெளிந்தால் எழுந்துவிடுவான்' என்று தனியாக விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். கிடந்த மாத்திரை அட்டையை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். நலோக்சோன் போட்டுக் கண் விழித்தாலும், ஊசியின் வேகம் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கும். போதை அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கும். ஆகவே, மருத்துவர் அனுப்பும்வரை வீட்டுக்கு அழைத்து வர அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் முனை மருந்துக்கடை. மெடிக்கல் வைத்திருக்கும் நம் சகோதரர்களை மரியாதையோடு கேட்டுக்கொள்வோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுக்க வேண்டாம். ஒரே சீட்டை நான்கு கடைகளில் காட்டுகிற பையனைக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் கண்டுபிடித்துவிடலாம். கடைகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கும்படி பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் உத்தரவிட்டிருக்கிறார்கள். ஆனால் கேமராவைவிட, பையனின் முகத்தைப் பார்த்து, 'தம்பி, உடம்புக்கு என்னப்பா? யார் வீட்டுப் பிள்ளை நீ?' என்று கேட்கிற கடைக்காரர் வலிமையானவர்.

மூன்றாம் முனை மருத்துவமும் சட்டமும். பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பது பைத்தியக்காரருக்கு மட்டும் என்ற பழைய எண்ணத்தை விடுவோம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. மன உளைச்சலுக்கு 14416. போதைப்பொருள் விற்பனை பற்றித் தெரிவிக்க 10581. இந்த எண்களை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்போம்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடிமை, தானாக முன்வந்து அரசு மையத்திலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற வழி இருக்கிறது. சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நம் ஊர் வழக்கறிஞர்களும் காவல்துறை நண்பர்களும் இதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொன்னால், பயந்து ஒளிகிற எத்தனையோ பேர் வெளியே வருவார்கள். விற்கிறவர் மேல் சட்டம் பாயட்டும். விழுந்து கிடப்பவரை அது தூக்கட்டும்.

நான்காம் முனை நாம், அதாவது பங்கு. ஹண்டிங்டனில் மூன்று நாளுக்குள் கதவைத் தட்ட ஒரு குழுவை உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு அன்பியங்கள் இருக்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. மரியாயின் சேனை இருக்கிறது. இளைஞர் இயக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் பந்தல் போடத் தெரிந்தவர்கள் நாம். சாவுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போகக் கற்றுக்கொள்வோம். போகும்போது வேடிக்கை பார்க்கிறவர்களாகப் போக வேண்டாம். கேட்டதைத் தெருவில் இறைக்கவும் வேண்டாம். அந்த வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சை, 'அண்ணன் ஒரு மாதிரி' என்று சொல்லிக் கெடுத்துவிட வேண்டாம். படுக்கையில் கிடப்பவர் எந்தச் சமயம், எந்தச் சாதி என்று கேட்கவும் வேண்டாம். கோயில் கமிட்டியினரோடும் ஜமாத்தினரோடும் ஊராட்சித் தலைவரோடும் பள்ளி ஆசிரியர்களோடும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவோம். மாதம் ஒருமுறை கூடினால் போதும். யார் 108-க்குப் பேசுவது, யார் மருத்துவமனைக்குத் துணை போவது, யார் திரும்பி வந்தவருக்கு வேலை தேடித் தருவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். 'இப்படிப் பரிவு காட்டினால் பாவத்தைச் சரியென்று ஒத்துக்கொண்டதாகாதா?' நியாயமான கேள்விதான். இதற்குத் திருச்சபையே ஒரு புனிதரைப் பதிலாகத் தந்திருக்கிறது.

சீனாவில் மார்க் ஜி தியன்சியாங் என்று ஒரு கத்தோலிக்க மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தவர். வயிற்று நோய்க்கு அபினை மருந்தாக எடுத்தார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தார். மறுபடி மறுபடி விழுந்தார். 'உனக்கு மனந்திரும்பும் எண்ணமே இல்லை' என்று கருதி அவருக்குப் பாவ மன்னிப்பு மறுக்கப்பட்டது. இது ஒரு நோய் என்பது அந்தக் காலத்தில் புரிந்திருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் நற்கருணை வாங்க முடியாமலே ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஊரார் பார்வை எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. 1900-ஆம் ஆண்டுக் கலகத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்தார்கள். அவரும் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிடிபட்டார்கள். விசுவாசத்தை மறுதலிக்க அவர் மறுத்தார். தன் குடும்பத்தில் ஒருவரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தன்னைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார் என்று அவரது வரலாறு சொல்கிறது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

முப்பது ஆண்டுகள் தனியாக நிறுத்தி வைக்கப்பட்டவர், சாகும்போது மற்ற ஒருவரையும் தனியாக விடவில்லை. இதைவிடப் பெரிய மறையுரை நமக்கு வேண்டுமா?

கப்பர்நாகுமில் இயேசு முதலில் அந்த மனிதருக்குப் பாவ மன்னிப்பை அளித்தார். பிறகு உடலைக் குணமாக்கினார். இரண்டையும் அவர் ஒரே மனிதருக்குச் செய்தார். பாவமும் நோயும் பின்னிக் கிடக்கும் இடத்தில், எது எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தவர்கள் மறைநூல் அறிஞர்கள். தூக்கி வந்தவர்கள் அளக்கவில்லை.

கடைசியாக அந்தக் கூரையை நினைப்போம். அது யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. பிரித்தபோது வீட்டுக்காரருக்கு மனம் வலித்திருக்கும், செலவும் ஆகியிருக்கும். அந்தக் கூரை பிரிந்ததால்தான் ஒருவர் ஆண்டவரின் முகத்தைக் கண்டார். நம் எல்லார் வீட்டுக்கும் மேலே ஒரு கூரை இருக்கிறது. அதற்குக் குடும்ப மானம் என்று பெயர். 'வெளியே தெரிந்தால் கேவலம்' என்று அதை இறுக்கி வேய்ந்து வைத்திருக்கிறோம். அதன் கீழே ஒரு பிள்ளையின் மூச்சு குறைந்துகொண்டே வந்தால், அந்தக் கூரையைப் பிரிப்பதில் தவறே இல்லை. கூரையை மறுபடி வேய்ந்துகொள்ளலாம். பிள்ளை போனால் வராது.

நம் மண்ணில், ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் பணியாற்றிய அந்தத் தலத்தில் நம் அன்னையை 'அடைக்கல மாதா' என்று அழைக்கிறோம். அங்கே போகிறவர்களில் எத்தனை தாய்மார், பெயர் சொல்ல முடியாத ஒரு வேதனையை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது அன்னைக்குத் தெரியும். அடைக்கலம் தேடி அவர்கள் அவ்வளவு தொலைவு நடக்கும்போது, பக்கத்து வீட்டில் அடைக்கலம் இல்லையென்றால் நம் பங்குக்கு அது அழகா?

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோம். நம் தெருவில் நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். அறிவுரை எதுவும் வேண்டாம். 'நலமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டு, அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வருவோம். படுக்கையின் ஒரு முனையில் கை வைத்தாகிவிட்டது. மற்ற மூன்று பேரை ஆண்டவர் அனுப்புவார்.

இறைவா, தனியாகக் கிடக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் துணையாக எங்களை அனுப்பும். விழுந்தவரை எடைபோடாமல் தூக்கும் கைகளை எங்களுக்குத் தாரும். போதைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தருளும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் காத்தருளும். விற்றுப் பிழைப்பவர்களின் உள்ளத்தை மாற்றியருளும். அடைக்கல அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.